விருந்தாளியின் கடன்

விருந்தினரை ஏற்பவருக்கு உரிய அறத்தைப் பற்றி நம் முன்னோர் பேசியவை ஏராளம். வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். காவிரி பாயும் இந்நாட்டில், தெருவை நோக்கிக் கட்டிய திண்ணை வீட்டாருக்கு மட்டும் உரியதாய் இருந்ததில்லை; வழிப்போக்கர் தலைசாய்க்கவும் அது இடம் தந்தது. ஆனால், விருந்தாளியாய்ச் செல்பவருக்கு உரிய அறம் யாது? அடுத்தவர் கரையில் ஒரே ஒரு பகல் இறங்கி, பார்த்துவிட்டு, மாலையில் கப்பலேறிவிடும் ஒருவர் அந்தக் கரைக்கு ஏதேனும் கடன்படுகின்றாரா? இவ்வினாவை நாமாகத் தேடிச் செல்லவில்லை. 2023ஆம் ஆண்டில் மேற்கொண்ட ஒரு கடற்பயணத்துக்குப் பின் அதுவே எங்களைத் தேடி வந்தது.

தஞ்சையில் ஒரே பங்கைச் சேர்ந்த நால்வர் நாங்கள். நால்வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். அவ்வாண்டு ஜூன் மாதம் முதல் சென்னையிலிருந்து இலங்கைத் துறைமுகங்களுக்கு உல்லாசக் கப்பல் ஒன்று சென்று வந்தது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று ஒவ்வொரு துறையிலும் ஒரு பகல் இறங்கிப் பார்க்கலாம். பிள்ளைகள் பணம் அனுப்பினார்கள். ஆகஸ்டு மாதத்தில் புறப்பட்டோம். கப்பலின் உணவையும் ஆட்டபாட்டத்தையும் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. காங்கேசன்துறையில் கழித்த ஒரு பகலைப் பற்றியே எழுதுகின்றோம்.

காங்கேசன்துறை நமக்குத் தொலைவான ஊரன்று. நாகப்பட்டினத்திலிருந்து நேர்கோட்டில் பார்த்தால் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். நாகையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் தொலைவைவிடவும் குறைவு. மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்கு உரிய காங்கேயன் திருவுருவம் தமிழகத்திலிருந்து கடல்வழியே வந்து இறங்கிய துறை என்பதால் இப்பெயர் அமைந்தது என்பது அவ்வூர் மரபு. கரையேறி வந்த ஒருவரின் பெயரையே தன் பெயராய்க் கொண்ட துறைமுகம் அது. எனினும், முப்பது ஆண்டுகளாக அது நம் அறிவில் உலகின் கடைக்கோடிக்குப் போய்விட்டது. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் காரணமாக வலிகாமம் வடக்கு மக்கள் வீடுகளை விட்டுப் பெயர்ந்தனர். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. சிமெந்துத் தொழிற்சாலையும் அவ்வாண்டிலேயே நின்றுபோனது. போர் 2009இல் முடிந்த பின்னரும் நிலம் ஒரேயடியாகத் திரும்பவில்லை. துண்டு துண்டாகவே விடுவிக்கப்பட்டது. இன்னும் விடுவிக்கப்படாத நிலமும் உண்டு.

இச்செய்திகளையெல்லாம் நாங்கள் பயணத்துக்கு முன்பே படித்திருந்தோம் என்று சொல்ல முடிந்தால் நன்றாயிருக்கும். படிக்கவில்லை. பேருந்தில் ஏறினோம். நல்லூரைப் பார்த்தோம், 1981இல் எரிக்கப்பட்டுப் பின் மீண்டும் கட்டப்பட்ட யாழ்ப்பாணம் நூலகத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டோம். மாலையில் துறைமுகத்துக்குத் திரும்பும் வழியில் கீரிமலை ஊற்றில் அரைமணி நேரம் நிறுத்தினார்கள். கடலுக்கு ஒரு மதிலே இடையாக நன்னீர் தேங்கி நிற்கும் அந்தக் கேணியைப் பல கோணங்களில் படம் எடுத்தோம்.

ஊற்றுக்குச் சற்றுத் தள்ளி, சாலையோரம் ஒரு வீட்டு வாசலில் முதிய அம்மையார் ஒருவர் அமர்ந்திருந்தார். எங்கள் பேச்சு அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"எந்த ஊரால வாறியள்?"

தஞ்சாவூர் என்றோம். அவர் எழுந்து நின்றார்.

"காவிரியில தண்ணி வந்திட்டுதோ?"

நாங்கள் சற்றுத் திகைத்தோம். ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்பட்டதையும், திறந்தும் போதிய நீர் வராமல் குறுவை கருகத் தொடங்கியதையும் சொன்னோம். அவர் தலையசைத்துக் கேட்டார். அப்பால்தான் தம் கதையைச் சொன்னார். 1990இல் படகேறி வந்து, முகாமுக்கு வெளியே, காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு, பாபநாசத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் நான்காண்டுகள் வாடகைக்கு இருந்தவர் அவர். அந்நாள்களில் பக்கத்து வீட்டுப் பெண்ணொருவர், அறுவடைக்கு அறுவடை, தம் வீட்டுக் குதிரில் நெல் கொட்டுமுன் இவர் முறத்தில் நெல் அளந்து போட்டாராம். 1994இல் நாடு திரும்பியவர் மறு ஆண்டே மீண்டும் இடம்பெயர்ந்தார். முகவரி எழுதி வைத்திருந்த ஏடும் அதில் தொலைந்தது. பெயரும் ஊரும் மட்டும் நினைவில் இருந்தன.

"அவளைக் கண்டால், நான் உயிரோட இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதான்" என்றார்.

எங்களுள் ஒருவர் பெயரையும் ஊரையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார். அம்மையார் வீட்டு வாயிலைக் காட்டி, "உள்ள வந்து ஒரு வாய் தேத்தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். பேருந்து ஒலி எழுப்பியது. கப்பலுக்கு நேரமாகிவிட்டது, இன்னொரு முறை வருகின்றோம் என்று கைகூப்பிவிட்டு ஏறிக்கொண்டோம். இன்னொரு முறை வரும் எண்ணம் எங்களுள் எவருக்கும் அப்போது இருக்கவில்லை. அது அம்மையாருக்கும் தெரிந்திருக்கும்.

ஊர் திரும்பினோம். அந்தச் சீட்டு எங்களுள் ஒருவரின் செபப் புத்தகத்துக்குள் இருந்தது. தஞ்சையிலிருந்து அச்சிற்றூருக்கு ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். ஆவணி போயிற்று, ஐப்பசி போயிற்று, கிறிஸ்து பிறப்பு விழாவும் போயிற்று. கடலைக் கடந்து சென்று வந்த எங்களால் ஒரு நகரப் பேருந்தைப் பிடிக்க இயலவில்லை. கெட்ட எண்ணம் ஏதுமில்லை. யாரும் வேண்டாமென்று சொல்லவுமில்லை. நாளை போகலாம் என்று இருந்தோம். திருப்பலியின் தொடக்கத்தில் நம் பாவங்களை ஏற்றுச் சொல்லும்போது, செய்தவற்றோடு செய்யத் தவறியவற்றையும் சேர்த்தே சொல்கின்றோம். வாரந்தோறும் அதைச் சொல்லிவிட்டு, அச்சீட்டு இருந்த புத்தகத்தையே மூடி வைத்தோம்.

தை மாதம், சம்பா அறுவடை முடிந்த பின் ஒருவழியாகப் புறப்பட்டோம். அப்பெண்மணியைக் கண்டுபிடிப்பது கடினமாயிருக்கவில்லை. ஊரில் எல்லாரும் அறிந்தவர். எழுபதைக் கடந்தவர், களத்தில் தூற்றிய நெல்லைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். செய்தியைச் சொன்னோம். சாக்கைப் பிடித்த கை அப்படியே நின்றது. பிறகு எங்களைத் திண்ணையில் அமர வைத்துக் கேட்கத் தொடங்கினார்.

"அவ வீடு ஓடா, தகரமா?"

நாங்கள் கவனிக்கவில்லை.

"கூட யாரு இருக்கா? அப்ப ஒரு பையன் கைக்குழந்தையா இருந்தானே?"

நாங்கள் கேட்கவில்லை.

"அவ கெணத்தப் பத்தியே பேசிக்கிட்டு இருப்பா. எங்க ஊரு தண்ணிய ஒரு வாய் குடிச்சிட்டு, எங்க வீட்டுக் கெணத்துத் தண்ணி இதவிட இனிப்புன்னு சொல்லிச் சண்டை போடுவா. அந்தக் கெணறு இருக்கா?"

தெரியாது.

"அவ வீட்டுல சாப்பிட்டீங்களா?"

இல்லை என்றோம்.

"கூப்பிடலையா?"

"கூப்பிட்டாங்க."

"அப்பறம் ஏன் சாப்பிடல?"

கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்ற விடை, சாணம் தெளித்த அந்த வாசலில் எங்கள் காதுக்கே அந்நியமாய்ப் பட்டது. அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. உள்ளே சென்று சோறு வடித்தார். நாங்கள் சாப்பிட்டு முடித்ததும், பரணிலிருந்து ஒரு பித்தளைச் செம்பை எடுத்து வந்தார். 1994இல் ஊருக்குப் புறப்பட்டபோது, மூட்டையில் இடமில்லை, திரும்பி வந்து வாங்கிக்கொள்கின்றேன் என்று அவ்வம்மையார் ஒப்படைத்துச் சென்ற செம்பு. புளியிட்டுத் துலக்கி வைத்திருந்தார். "இது அவளுது. கொண்டு போய்க் குடுத்துடுங்க" என்றார். எங்களைக் கேட்கவே இல்லை. போவோம் என்றே எடுத்துக்கொண்டார்.

அன்று வீடு திரும்பும் பேருந்தில் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஒரு பகல் முழுதும் பார்த்த நாங்கள் எதைத்தான் பார்த்தோம்? எங்கள் கைப்பேசிகளில் இருநூறு படங்கள் இருந்தன. ஒரு வீட்டின் கூரை எதனாலானது என்ற கேள்விக்கு அவற்றில் விடை இல்லை.

தமிழில் விருந்து என்னும் சொல்லை எண்ணிப் பார்க்க வேண்டும். அதன் பழம்பொருள் புதுமை. பின்னர் அது புதிதாய் வந்தவரைக் குறித்தது. இன்று வந்தவருக்குப் படைக்கும் உணவையும் அதுவே குறிக்கின்றது. வருகின்ற ஆளுக்கும் இடுகின்ற சோற்றுக்கும் ஒரே பெயரை நம் மொழி வைத்திருப்பதில் ஓர் அறம் பொதிந்திருப்பதாக நமக்குத் தோன்றுகின்றது. படைப்பதை ஏற்பவரே விருந்தாளி ஆகின்றார். ஏற்காதவர் வந்து போனவர் மட்டுமே. ஏற்பது என்பது வயிறு நிரப்புவதன்று, கடன்படுவது. ஒருவர் வீட்டில் ஒரு வாய் நீர் அருந்திய பின், அவர் கிணறு என்னவாயிற்று என்ற கேள்வி நமக்கும் உரியதாகிவிடுகின்றது. அந்தத் தேநீரை நாங்கள் மறுத்தபோது மறுத்தது இந்த உரிமையைத்தான், இந்தச் சுமையையுந்தான்.

ஆண்டவர் இயேசுவும் ஒரு நண்பகலில் வழிப்போக்கராய் அடுத்தவர் ஊரின் கிணற்றருகே அமர்ந்தார். சிக்கார் என்னும் அச்சமாரிய ஊரின் பெண்ணிடம் அவர் முதலில் எதையும் கொடுக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். யூதர் சமாரியரோடு பழகாத காலத்தில், அப்பெண்ணுக்குக் கடன்பட முன்வந்தார். உரையாடல் அங்கிருந்து தொடங்கியது. ஊரார் அவரைத் தங்கும்படி வேண்டினர். இரண்டு நாள் தங்கினார் என்று யோவான் நற்செய்தி கூறுகின்றது. கொடுக்க வந்தவரே முதலில் கேட்பவராக நின்றார் என்பதைப் பலமுறை வாசித்திருந்தும், விருந்தாளியின் அறமாக நாம் அதை எண்ணிப் பார்த்ததில்லை.

நம் கடற்கரையின் பழங்கதைகளும் இதற்குச் சான்று பகர்கின்றன. காவிரிப்பூம்பட்டினத்துச் சாதுவனின் கதை மணிமேகலையில் வருகின்றது. பரத்தைமையால் பொருளிழந்து, வணிகரோடு கடலேறியவன். கப்பல் உடைந்து, ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலையருகே கரையேறினான். அவர்கள் அவனைத் தின்னவே வந்தனர். சாதுவன் அவர்கள் மொழியில் பேசினான். அதுவே அவனைக் காத்தது. தலைவன் கள்ளும் ஊனும் பெண்ணும் அளிக்க முன்வந்தபோது அவன் ஏற்கவில்லை. ஆனால் நேரமில்லை என்று எழுந்து போகவுமில்லை. ஏன் ஏற்கவில்லை என்று கேட்ட தலைவனுக்கு அமர்ந்து விடை சொன்னான். இனி உடைந்த கப்பலில் வருவோரைக் கொல்ல வேண்டாம் என்று, தனக்குப் பின் அக்கரைக்கு வரப்போகும் முகமறியாதவர்க்காகவும் வேண்டினான். உணவை மறுப்பது வேறு, உறவை மறுப்பது வேறு. சாதுவன் முதலாவதை மட்டும் செய்தான். நாங்கள் இரண்டையும் செய்தோம்.

தரங்கம்பாடிக் கரையில் 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் சீகன்பால்கு, புளூட்சோ என்னும் இரு செருமானிய இளைஞர் இறங்கினர். தேனிய மன்னர் அனுப்பிய லூத்தரன் நற்செய்திப் பணியாளர்கள் அவர்கள். அக்கரையை ஆண்டோரும் தேனியரே. எனினும், காலையில் இறங்கியவர்களை நெடுநேரம் காக்க வைத்து, பின்னர்க் கடைத்தெருவில் விட்டுச் சென்றனர் என்றும், இரக்கம் கொண்ட ஒருவர் தங்க இடம் தந்தார் என்றும் அவர்தம் வரலாறு எழுதியோர் கூறுவர். தம்மை அனுப்பிய மன்னரின் நாட்டவரே ஏற்காத அம்மனிதர், ஊர்ச் சிறுவரோடு திண்ணைப் பள்ளியில் அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். அரிச்சுவடியில் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கடன்பட்ட அவர், 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டுத் தந்தார். திருச்சபைப் பிரிவுகளைக் கடந்து அவரிடம் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு: வந்த கரையில் மாணவராய் அமரத் தெரிந்தவருக்கே அக்கரை வாய் திறக்கின்றது.

நம் வேளாங்கண்ணித் திருத்தலத்தின் மரபும் கரையேறியவர்களின் கதைதான். பெரும்புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள், உயிரோடு கரை சேர்ந்தால் அன்னைக்கு ஆலயம் எழுப்புவதாக நேர்ந்துகொண்டனர். அன்னையின் பிறந்தநாளான செப்டம்பர் 8 அன்று அங்கே கரை சேர்ந்தனர் என்பது வழிவழி வரும் செய்தி. அவர்கள் சொன்னபடி செய்தனர். அதனினும் நம் நெஞ்சைத் தொடுவது மற்றொன்று: பின்னாளைய பயணங்களிலும் திரும்பி வந்து, சீனத்துப் பீங்கான் தட்டுகளைக் கொணர்ந்து பீடத்தில் பதித்தனர் என்கின்றது அம்மரபு. ஆபத்தில் நேர்ந்துகொள்வது எல்லார்க்கும் எளிது. ஆபத்து நீங்கிய பின், காற்று நன்றாய் வீசும் ஒரு நாளில், கப்பலைத் திருப்பி அதே கரைக்கு வருவதுதான் அரிது. எங்கள் ஐந்து மாதத் தாமதத்தை இத்தட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவே கூச்சமாயிருக்கின்றது.

இதுவரை கரையேறியவரைப் பற்றியே பேசினோம். கரையில் இருப்பவர் நாமாகவும் இருந்திருக்கின்றோம். கடல்கடந்த ஸ்ரீவிசய நாட்டரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு, முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை வழங்கினான். 8,900 கலத்துக்கு மேற்பட்ட நெல் அதன் அளவு என்பது, பின்னாளில் ஆலந்து நாட்டின் லெய்டன் நகருக்குச் சென்றமையால் லெய்டன் செப்பேடுகள் எனப்படும் ஏடுகளால் தெரிகின்றது. அரசியலும் வாணிகமும் அக்கொடையில் கலந்திருக்கும், ஐயமில்லை. ஆயினும், சைவப் பேரரசன் ஒருவன், கடல்வழி வந்த புத்த சமயத்தாரின் பள்ளிக்கு, எடுத்துப் பார்த்து வியக்கும் பொன்னை அன்று, உண்ணும் நெல்லை ஊரோடு எழுதி வைத்தான். பாபநாசத்துப் பெண்மணி முறத்தில் அளந்து போட்டதும் அந்த நெல்தான்.

நம் கரைக்கு ஒரு பகல் வந்து போனவர்களையும் நாம் மறக்கவில்லை. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரை வாரிச் சென்றது. அடுத்த நாள்களில் எத்தனையோ நல்ல உள்ளங்கள் ஓடி வந்தன. பிணங்களைத் தூக்கிய கைகளை நாம் மறக்க இயலாது. காலையில் வண்டியில் வந்து, படம் எடுத்து, கொண்டுவந்த பழந்துணிகளைச் சாலையோரம் கொட்டிவிட்டு மாலையில் திரும்பியோரும் இருந்தனர். அத்துணிகள் நெடுநாள் குவியல் குவியலாய்க் கிடந்தன. மீனவப் பெண்டிர் அவற்றைத் தொடவில்லை. அவர்கள் நன்றியில்லாதவர்கள் என்று அன்று சிலர் பேசியதும் நினைவிருக்கின்றது. உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்காமல் கொட்டிய துணி அது. கேட்கப்படாதவர் ஏற்க மறுப்பதில் ஒரு மானம் உண்டு. அன்று அக்குவியலைக் கண்டு வருந்திய நாங்களே, பத்தொன்பது ஆண்டுகள் கழித்து வேறொரு கரையில், வேறு வடிவில், அதையே செய்துவிட்டு வந்தோம்.

இங்கே வாசகர் ஒருவர் எதிர்வினா எழுப்பலாம். "ஓர் உல்லாசப் பயணத்தின்மேல் இத்தனை பாரத்தை ஏற்றலாமா? ஓய்வெடுக்கச் சென்றவர் கூரையையும் கிணற்றையும் விசாரித்துக்கொண்டிருக்க இயலுமா? பயணிகள் வருவதால் அங்கே வண்டியோட்டுநருக்கும் கடைக்காரருக்கும் வருவாய் கிடைக்கின்றதே, அது போதாதா?" நேர்மையான வினாதான். வருவாய் நல்லதே. போரால் நொந்த ஊருக்கு வெளியார் வருவதும் நல்லதே; யாரும் வராத ஊரில் நடப்பது யாருக்கும் தெரியாமற் போகும். ஆகவே போக வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. காணும் ஒவ்வொருவரின் துயரையும் ஒருவர் சுமக்க இயலாது என்பதும் உண்மை. அப்படிச் சுமப்பதாய் எண்ணுவது ஒருவகைச் செருக்கு.

ஆனால் அன்று எங்களிடம் கேட்கப்பட்டது ஊரின் துயரன்று. ஒரு குவளைத் தேநீரின் நேரம். ஒரு பகல் குறுகியது என்பதால் கடன் இல்லாமற் போவதில்லை. கடன் சிறியதாகின்றது, அவ்வளவே. சிறிய கடனை அடைப்பது எளிது. பணம் கொடுத்துப் பெறும் பொருளுக்குப் பணத்தோடு கணக்கு முடிந்துவிடும். "காவிரியில் தண்ணீர் வந்ததா?" என்று ஒருவர் கேட்டுவிட்ட பின் கணக்கு அப்படி முடிவதில்லை. அவர் நம் ஊரை விசாரித்துவிட்டார். அவர் ஊரை நாமும் விசாரித்தாக வேண்டும்.

அந்நாளை நினைக்குந்தோறும் ஒன்று உறுத்துகின்றது. அப்பகலில் விருந்தாளியின் அறத்தைக் காத்தவர் அவ்வம்மையார்தாம். நான்காண்டுகள் நம் நாட்டில் புகலிடம் தேடி வந்திருந்தவர், முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நம் ஆற்றில் நீர் வந்ததா என்று கேட்கின்றார். அளந்து போட்ட நெல்லுக்கு அவர் இன்னும் கடன்பட்டவராகவே வாழ்கின்றார்; அக்கடன் அவரைச் சிறுமைப்படுத்தவில்லை. அவர் கேட்டபோது எங்களுக்குத் திகைப்புத்தான் வந்தது. கேள்வி எங்களுக்கு ஏன் வரவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணியர் கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஒருகாலத்தில் 'ரஜூலா' கப்பல் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு, படகுகளில் வந்த நம் மக்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற நாகைத் துறை அது. எங்களுள் இருவர் செப்டம்பரில் புறப்பட்டோம். இம்முறை ஆட்டபாட்டம் இல்லை. நான்கு மணி நேரக் கடல், ஒரு கைப்பை, அதனுள் துணியில் சுற்றிய செம்பு. சுங்க அலுவலர் பிரித்துப் பார்த்து, "இது என்ன?" என்றார். ஒருவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது என்றோம். அவர் மறுபடி சுற்றிக் கொடுத்தார்.

அம்மையார் அதே வாசலில் இருந்தார். செம்பைக் கண்டதும் வாங்கி, அடியில் பொறித்திருந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். எங்களை உள்ளே அழைத்துச் சென்று சோறிட்டார். இருந்து உண்டோம். கேட்க வேண்டியவற்றைக் கேட்டோம். வீடு தகரக் கூரை. கைக்குழந்தையாய் இருந்த மகன் வெளிநாட்டில். மகள் இரண்டு தெரு தள்ளி இருக்கின்றாள். கிணற்றைப் பற்றிக் கேட்டபோது எழுந்து வந்து பின்புறம் அழைத்துச் சென்றார். இப்போதிருக்கும் வீடு உறவினருடைய காணியில் கட்டியது. அவருடைய காணி சற்றுத் தொலைவில், முள்வேலிக்கு அப்பால். கிணறும் அங்கேதான். வேலியோரம் நின்றால் கிணற்றடியில் நட்ட தென்னை தெரிகின்றது, கிணறு தெரிவதில்லை. அவர் அண்டை வீட்டில் நீர் எடுக்கின்றார்.

முந்தைய ஆண்டு நாங்கள் பல கோணங்களில் படம் எடுத்த கீரிமலை ஊற்று அங்கிருந்து நடக்கும் தொலைவில் இருக்கின்றது.

ஊர் திரும்பிய மறுநாளே பாபநாசத்துக்குப் பேருந்தேறினோம், இம்முறை தாமதிக்கவில்லை. கூரை, மகன், மகள் என்று ஒவ்வொன்றாய்ச் சொன்னோம். சாப்பிட்டோம் என்றும் சொன்னோம். அப்பெண்மணி முகம் மலர்ந்தது. கிணற்றைப் பற்றிச் சொன்னபோது சற்று நேரம் பேசாமலிருந்தார். பின்பு கேட்டார்:

"வேலிய எப்ப எடுப்பாங்களாம்?"

எங்களிடம் விடையில்லை. ஆனால் அக்கேள்வி இப்போது அவர்கள் இருவருக்கு மட்டும் உரியதன்று. செய்தித்தாளில் வலிகாமம் வடக்கு என்ற சொல்லைக் கண்டால் நாங்கள் நால்வரும் நின்று படிக்கின்றோம்.